இல்லை என்று சொல்வதற்கு

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே நெல்லுக்கு இரண்டு பூ. மலையாள ஆண்டின் கன்னி மாதத்தில், அதாவது நம் புரட்டாசியில், அறுப்பது கன்னிப்பூ. கும்பத்தில், மாசியில், அறுப்பது கும்பப்பூ. கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் திருநெல்வேலிச் சீமையில் அது கார், பிசானம் என்று பேர் மாறிவிடும். தஞ்சாவூருக்குப் போனால் குறுவை, சம்பா, தாளடி. தோவாளைப் பக்கத்து விவசாயி ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கன்னிப்பூவுக்கு என்ன உரம் என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுவை என்ற தலைப்பில் எழுதப்பட்ட பக்கம் அவர் முன்னால் வராது. அந்தப் பக்கத்தை எழுதியவர் கவனமாகத்தான் எழுதியிருப்பார். திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே உருவானவை. ஆனாலும் இவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நம்ம ஊரு நெல்லப் பத்தி ஒண்ணும் போடல்ல” என்று முடிவுகட்டிப் போனைப் பையில் வைத்துக்கொள்வார்.

அவர் அடைந்த முடிவுதான் என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்கிறது. கிடைக்காத ஒன்று, ஒரு நொடியில் இல்லாத ஒன்றாக ஆகிவிடுகிறது.

மென்பொருளுக்கு டாக்குமென்டேஷன் எழுதுவது என் தொழில். நிரலை எப்படி நிறுவுவது, எந்த அமைப்பை எங்கே மாற்றுவது, பிழை வந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதி இணையத்தில் வைப்பது. நாகர்கோவிலில் வீட்டில் இருந்தபடியே செய்ய முடிகிற வேலை. இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் வந்த பிறகு, காலை ரயிலில் எல்லை தாண்டி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற ஒரு தலைமுறையே இங்கே உருவாகியிருக்கிறது. அவர்களுடைய வேலைநாளில் நிரல் எழுதுகிற நேரம் கொஞ்சம். எதையோ தேடிப் படிக்கிற நேரம் அதிகம். நான் எழுதுகிற மாதிரியான பக்கங்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். தேடிக் கிடைக்காமல் போகிறவர்களை நான் பார்ப்பதில்லை. எழுதுகிற எவரும் பார்ப்பதில்லை.

தக்கலைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதிது. ஒருநாள் கூப்பிட்டான்.

“அண்ணே, டாக்ஸ்ல எல்லாம் இருக்குன்னு மேனேஜர் சொல்லுதாரு. நான் தேடிப் பாத்தேன். அப்படி ஒண்ணு இல்ல.”

“இல்லியா, கிட்டல்லியா மக்ளே?”

கொஞ்சம் யோசித்தான். “கிட்டல்ல. ஆனா இல்லன்னுதான் நெனச்சேன்.”

அவன் பயன்படுத்திய வெப் சர்வர், பெரிய ஃபைலை ஏற்ற விடாமல் 413 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஏற்றும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு வரியில் அதை மாற்றிவிடலாம். ஆனால் அந்த வரியை விளக்கும் பகுதியில் ‘ஃபைல்’ என்ற சொல்லும் இல்லை, ‘அப்லோட்’ என்ற சொல்லும் இல்லை. ‘கிளையண்ட் அனுப்பும் ரிக்வெஸ்ட்டின் உடல் அளவு’ என்று இருந்தது. சர்வரின் உள்ளே இருந்து பார்த்தால் அது மிகச் சரியான விவரணை. வெளியே நின்று கதவைத் தட்டுகிறவனுக்கு அது எந்தச் சாவியும் இல்லை. பக்கத்தை எழுதியவர் சர்வரின் கண்ணால் எழுதினார். இவன் தன் கையில் இருந்த ஃபைலைப் பார்த்துக் கேட்டான்.

1987இல் ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லாண்டவர், லூயி கோமஸ், சூசன் டூமே ஆகிய நால்வரும் இதை அளந்து எழுதிய கட்டுரை என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. எடிட்டரில் செய்யும் திருத்த வேலைகள், சமையல் குறிப்புகள், அன்றாடப் பொருட்கள் என்று பலவற்றுக்கும் ஆட்களிடம் பேர் வைக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தது. வடிவமைத்தவர் தனக்குப் பிடித்த ஒற்றைச் சொல்லை மட்டும் வாசலாக வைத்தால், பல சூழல்களில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு முறை தோல்விதான் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன பரிகாரம் எளிமையானது: ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்தப் பேரால் கூப்பிட்டாலும் அது வரட்டும். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு பேர், அந்தப் பக்கம் இன்னொரு பேர் என்று வாழ்கிற நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் தொழில் செய்யும்போது இதை மறந்துவிடுகிறோம். நமக்குத் தெரிந்த சொல்தான் பொருளின் பேர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆரம்பகாலத்தில் இதை மறக்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. யூனிக்ஸ் கையேடுகளில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று, நிரல்களின் விளக்கத்தோடு அவற்றில் என்னென்ன பிழைகள் இருக்கின்றன என்று சொல்ல ஒரு பகுதி வைத்தார்கள். எழுதியவர்களே குறையைத் தம் கைப்பட எழுதி வைத்தார்கள். இன்னொன்று, அந்தக் கையேடுகளில் இடம்பெற்ற சுழல் அடைவு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில் பரப்பிய முறை அது. ஒரு தலைப்பில் ஆறு சொற்கள் இருந்தால் அந்தத் தலைப்பு, முக்கியமான ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒருமுறை வரும். கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் நிரல் என்றால், ‘கோப்பு’ என்று தேடுகிறவருக்கும் ‘ஒப்பிடு’ என்று தேடுகிறவருக்கும் ‘வேறுபாடு’ என்று தேடுகிறவருக்கும் அது தென்படும். காகிதம் தின்னும் முறைதான். ஆனால் தேடி வருகிறவர் எந்தச் சொல்லோடு வருவார் என்று தெரியாது என்கிற பணிவு அதில் இருக்கிறது.

இன்றைய தேடுபொறியின் உள்ளே இருப்பதும் அடிப்படையில் அதேதான். பக்கங்களைச் சொல் சொல்லாக உடைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது வரும் பக்கங்களின் பட்டியலை வைத்துக்கொள்கிறது. 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்ன ஒரு யோசனை இன்றும் அதில் வேலை செய்கிறது: எல்லாப் பக்கத்திலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். இதே நியாயத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து, ஆங்கிலத்தின் மிகச் சாதாரணச் சொற்களை அடைவிலேயே சேர்க்காமல் கழித்துவிடும் பழக்கமும் வந்தது. நாவலையும் செய்தித்தாளையும் தேடும்போது நட்டமில்லை. பைதான் மொழியின் ஆவணங்களுக்கு வந்தால் நிலைமை வேறு. அந்தப் பக்கங்களைக் கட்டித் தருவது ஸ்பிங்க்ஸ் என்ற கருவி. ஜார்ஜ் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியானது. அது கழித்துவிடும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் இஃப், ஃபார், இன், இஸ், நாட், வித் எல்லாம் உண்டு. இவை அத்தனையும் பைதானின் இலக்கணச் சொற்கள்! புதிதாகக் கற்கிற ஒருவருக்கு முதலில் புரியாமல் போவதும் இவைதான்.

பைதான் ஆவணங்களில் தேடல் பெட்டிக்கு வெளியே, பழைய புத்தகங்களின் கடைசியில் இருப்பதுபோல அகர வரிசை அடைவு ஒன்றும் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பக்கத்துக்குள்ளேயே, இந்த இடம் இந்தச் சொல்லுக்கு உரியது என்று குறித்து வைப்பார்கள். அங்கே போனால் ‘வித்’ என்ற சொல் இருக்கும், அதன் விளக்கத்துக்கு வழியும் இருக்கும். உரையை உடைக்கும் இயந்திரம் குப்பை என்று தள்ளிய சொல்லை ஒரு மனிதர் எடுத்து வைத்திருக்கிறார். யாராவது இதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு அடைவு எந்திரத்தால் ஆனதா, கையால் ஆனதா என்பதைவிட, கேட்கப் போகிறவரை அது நினைத்துப் பார்த்ததா என்பதுதான் கேள்வி.

தமிழில் எழுதப்பட்ட ஆவணத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழம். ‘கோப்பு’ என்று தேடுகிறீர்கள். பக்கத்தில் ‘கோப்பைத் திறக்கவும்’, ‘கோப்பில் சேமிக்கவும்’, ‘கோப்பின் அளவு’ என்று இருக்கிறது. உகரம் போய் வேற்றுமை உருபு ஏறிவிட்டதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு இந்த மூன்றும் கோப்பே அல்ல. ‘கோப்பை’யை அப்படியே எடுத்துக்கொண்டால் காப்பி குடிக்கிற கோப்பையும் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ‘கோ’ என்ற எழுத்தையே யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒரே குறியாக ஓகாரம், அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத தேடல், கண்ணுக்கு முன்னால் இருக்கிற சொல்லையே இல்லை என்று சொல்லும். இத்தனையும் சரிசெய்த பிறகும், தேடுகிறவர் ‘பைல் ஓப்பன் ஆகல’ என்று அடித்தால், ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற பக்கத்துக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. தமிழ்ச் சொல்லின் விகுதிகளை வெட்டி அடியைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றைத் தாமோதரன் ராஜலிங்கம் எழுதினார். ஸ்னோபால் என்ற பொதுத் தொகுப்பில் அது சேர்ந்தது. 2019இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பு அதை எடுத்துக்கொண்டபோது, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு டேட்டாபேஸின் உரைத்தேடலுக்குள் தமிழும் நுழைந்தது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் நிரல் தொகுப்பைப் பல வருடங்களாக வளர்த்து வருகிறார்கள். இவர்கள் செய்வது சம்பளம் இல்லாத வேலை. ஆவணம் கட்டும் ஸ்பிங்க்ஸின் தேடல் மொழிகளில் ஹங்கேரியனும் துருக்கியும் ருமேனியனும் நெடுங்காலமாக உண்டு. தமிழ் இல்லாமலே இருந்து வந்திருக்கிறது. ஆத்திரப்பட ஒன்றுமில்லை. யாராவது உட்கார்ந்து செய்தால் வரும்.

உட்கார்ந்து செய்த ஒருவர் எங்கள் வடசேரிக்காரர். வ.அய். சுப்பிரமணியம் 1926இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்தார். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் புறநானூற்று மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். பிற்பாடு 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். பெரிய நிறுவனங்களைக் கட்டியவர் என்றுதான் அவரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த புறநானூற்றுச் சொல்லடைவின் ஆசிரியர். அவர் காலத்தில் திருவனந்தபுரத்தில் தமிழ் ஆய்வு செய்தவர்கள், பழைய நூல் ஒன்றை எடுத்து இலக்கணத்தை விவரித்துச் சொல்லடைவும் சேர்ப்பதை ஒரு வழக்கமாகவே வளர்த்தார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்துச் சொல்லடைவு வேலையை யோசித்துப் பாருங்கள். வரியைச் சொல்லாகப் பிரிக்க வேண்டும். சந்தி சேர்ந்து கிடக்கிற பாட்டில் அதுவே ஒரு தீர்ப்பு. பிரித்த ஒவ்வொன்றும் எந்த அடியிலிருந்து வந்தது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, எந்தப் பாட்டு, எத்தனையாவது அடி என்று குறித்து, அத்தனை சீட்டுகளையும் அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு சீட்டு தவறினால் ஒரு சொல் அந்த இடத்தில் இல்லாமல் போய்விடும். இதில் எந்தப் புகழும் இல்லை. புறநானூற்றுக்கு உரை எழுதினால் பேர் நிற்கும், சொல்லடைவை யாரும் படிக்க மாட்டார்கள், எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

அதற்கு முன்பும் புறநானூற்றில் தேட முடியாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் முதன்முதலாக அச்சேற்றினார். அரும்பதங்களுக்கு அகராதி சேர்ப்பது அவர் பதிப்புகளின் வழக்கம். அதற்கும் முன்னால், நூலை மனப்பாடமாக வைத்திருந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். கேட்டால் சொல்வார்கள். அந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் இருக்கிற பாக்கியம் வேண்டும். அவர் பதில் சொல்கிற மனநிலையிலும் இருக்க வேண்டும். இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் பார்த்தாலும் இதே ஏற்பாடுதான். சீனியர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டால் எது எங்கே என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்தவர்களுக்கு டாக்குமென்டேஷனே வேண்டாம். கேட்க ஆள் இல்லாதவருக்குத்தான் அடைவு. எங்கள் தக்கலைப் பையனைப் போல, வீட்டில் முதல் ஆளாக இந்த வேலைக்குப் போகிறவருக்கு, கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவருக்கு.

சொல்லடைவு இன்னொன்றையும் செய்கிறது. முழுச் சொல்லடைவு கையில் இருந்தால்தான், இந்தச் சொல் புறநானூற்றில் இல்லை என்று ஒருவர் துணிந்து சொல்ல முடியும். இருக்கிறது என்று நிரூபிக்க ஒரே ஒரு வரி போதும், யாரும் காட்டிவிடலாம். இல்லை என்று சொல்வதற்கு நானூறு பாட்டையும் யாரோ ஒருவர் சொல் விடாமல் கடந்து வந்திருக்க வேண்டும். அப்போதும் அவர் ஒரு வாக்கியம் சேர்த்தாக வேண்டும்: 267, 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை, வேறு சில பாட்டுகள் சிதைந்து கிடக்கின்றன, கைக்கு வந்த பகுதியில் இல்லை. தேடிப் பார்த்துச் சொல்லும் ‘இல்லை’ என்பது அறிவின் மிக உழைப்பான வாக்கியங்களில் ஒன்று என்று எனக்குப் படுகிறது.

இப்படிப்பட்ட ஒரு ‘இல்லை’யின் மேல் இந்த ஊரில் ஜனங்கள் ஆயுள் சேமிப்பையே வைக்கிறார்கள். நிலம் வாங்கப் போகிறவர் சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கிறார். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, பதிவான பத்திரங்களுக்கு அடைவுகள் வைக்கச் சொல்கிறது. முதல் அடைவு ஆட்களின் பேரால் ஆனது, இரண்டாவது சொத்தின் விவரத்தால் ஆனது. விற்றவர் யார் என்று தெரிந்தாலும் போய்ச் சேரலாம், நிலம் எது என்று தெரிந்தாலும் போய்ச் சேரலாம். ஒரே பத்திரத்துக்கு இரண்டு கேள்விகள் வரும் என்று நூறு வருடத்துக்கு முன்னாலேயே நினைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்து வில்லங்கம் இருந்தால் படிவம் 15. ஒன்றும் இல்லையென்றால் படிவம் 16. அந்தப் படிவம் 16ஐக் கையில் வாங்கும்போது மனிதர்கள் விடுகிற மூச்சை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாளை முழுக்கப் படிக்க வேண்டும். எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேடப்பட்டது என்று அதிலேயே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் அருமை நன்றாகத் தெரியும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ப் பக்கம். பழைய பத்திரங்கள் மலையாளத்தில் கிடக்கும். பழைய சர்வே எண் ஒன்று, மறு அளவைக்குப் பின் வந்த எண் வேறொன்று. தவறான எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அந்த எண்ணுக்கு வில்லங்கம் இல்லை என்று மிக உண்மையான சான்று கிடைக்கும். நிலத்தின் மேல் கடன் அப்படியே இருக்கும். அலுவலகம் பொய் சொல்லவில்லை. எங்கே தேடினேன், எதை வைத்துத் தேடினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த பத்திர எழுத்தர் அந்தத் தாளைப் பார்த்ததும், “பழைய நம்பரப் போட்டும் ஒருக்கா பாருங்க” என்கிறார். எல்லையைச் சொன்ன ‘இல்லை’யாக இருப்பதால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்று அதிலிருந்தே தெரிகிறது.

மென்பொருள் ஆவணத் தேடல்களில் வருகிற ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற வரியில் இந்த நேர்மை கிடையாது. எந்தப் பதிப்பின் ஆவணத்தில் தேடியது? பழைய பதிப்புகளைச் சேர்த்ததா, விட்டதா? படங்களுக்குள் இருக்கிற எழுத்தைப் பார்த்ததா? நான் கொடுத்த சொல்லில் எதையாவது கழித்துவிட்டதா? ஒன்றும் சொல்லாது. மூன்று சொல்லில் கதவைச் சாத்திவிடும். கேட்டவர் தனக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்று அந்த வசதியே கிடையாது என்று முடிவுகட்டுவார், அல்லது தனக்குத்தான் மூளை போதாது என்று முடிவுகட்டுவார். இரண்டாவது முடிவுக்கு வருகிறவர்களே அதிகம் என்று நான் அஞ்சுகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. விடையில்லாமல் திரும்பிய தேடல்களின் பதிவு பல தேடல் கருவிகளில் கிடைக்கும். அதை எடுத்து வாசிப்பதைவிடப் பாடம் வேறில்லை. பொருள் தெரிந்தவர்கள் எழுதிய பக்கங்கள் ஒரு பக்கம் இருக்க, பொருள் தெரியாதவர்கள் எந்தச் சொல்லைக் கொண்டு வந்தார்கள் என்பது அங்கே இருக்கிறது. ‘சேவ் ஆகல’, ‘சுத்திக்கிட்டே இருக்கு’, ‘பாஸ்வேர்ட் சரியாதான் போட்டேன்’. இவற்றைத் தப்பான சொற்கள் என்று எண்ணியிருந்த காலம் உண்டா என்றால், நம் தொழிலே அப்படி எண்ணித்தான் வளர்ந்தது. ஆனால் ‘சுத்திக்கிட்டே இருக்கு’ என்று எழுதியவர், நாங்கள் ‘காலக்கெடு முடிந்தது’ என்று எழுதி வைத்திருக்கிற நிகழ்வைக் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். திரையில் நடந்தது அதுதான். அந்தச் சொல்லை அடைவில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் சலுகை ஆகாது. ஆவணத்தில் விடுபட்டிருந்த உண்மை ஒன்று அப்போதுதான் உள்ளே வருகிறது.

இதற்காக எல்லாப் பேர்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிடவும் கூடாது. கன்னிப்பூ என்று கேட்டவருக்குக் குறுவைப் பக்கத்தை அப்படியே நீட்டினால் அது வேறொரு தப்பு. நாஞ்சில் நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இங்கத்துப் பூக்கள் அந்த இரண்டு மழையையும் கணக்கில் கொண்டு அமைந்தவை. தஞ்சைக் குறுவை மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்ப்பது. விதைக்கிற மாதம் முதல் தாக்குகிற பூச்சி வரை வித்தியாசப்படலாம். கன்னிப்பூ என்ற சொல்லோடு வந்தவர் தன் மண்ணையும் மழையையும் சேர்த்துத்தான் கேட்டார். ‘உங்கள் பருவத்துக்கென்று தனிப் பக்கம் இல்லை, நெருங்கி வருவது இது, இன்னின்ன வேறுபடும்’ என்று சொல்லத் தெரிந்த அடைவே அவருக்கு உதவும்.

சொற்களை எண்களாக்கிப் பொருளின் நெருக்கத்தை அளக்கும் தேடல் இப்போது வந்துவிட்டது. 1987 கட்டுரையின் நால்வரில் ஒருவரான சூசன் டூமே அந்தப் பாதையின் தொடக்கத்திலும் இருந்தவர். ‘பைல் ஓப்பன் ஆகல’ என்று கேட்டால் ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற பக்கத்தை அது கொண்டுவந்துவிடக்கூடும். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. எத்தனையோ பேருடைய வெட்கத்தை அது போக்கும். ஆனால் அந்த முறையின் அமைப்பிலேயே ஒன்று இருக்கிறது. அது கேள்விக்கு மிக அருகில் இருக்கிற பக்கத்தை எடுக்கிறது. மிக அருகில் என்று ஒன்று எப்போதும் இருக்கும், அது எத்தனை காதம் தள்ளி இருந்தாலும். இந்த எல்லைக்கு அப்பால் வேண்டாம் என்று யாராவது கோடு கிழித்து வைக்காவிட்டால் அதற்கு ‘இல்லை’ என்ற பதிலே கிடையாது. 413 என்ற எண்ணைக் கொடுத்துக் கேட்டால் பக்கத்து எண்ணின் பக்கத்தை நீட்டவும் அதற்குத் தயக்கம் இராது. அதனால்தான் பல இடங்களில் பழைய சொல்லடைவையும் கூடவே வைத்து இரண்டையும் சேர்த்துத் தேடுகிறார்கள்.

அதன் மேல் அமர்ந்து பேசுகிற மொழி மாதிரிகள் இன்னும் ஒரு படி போகின்றன. இல்லாத கட்டளை ஒன்றைப் பற்றிக் கேட்டால், இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒன்றை எழுதிக் கையில் கொடுத்துவிடுவதுண்டு. வழவழப்பான நல்ல வாக்கியத்தில். கேட்க ஆள் இல்லாதவர் அதை நம்புவார். முன்பு இருப்பதை இல்லை என்று நினைத்துத் திரும்பினார்; இப்போது இல்லாததை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு இரண்டில் முதலாவதே மேல் என்று தோன்றுகிறது. வெறுங்கையோடு திரும்பியவர் நாளைக்கு இன்னொரு சொல்லைக் கொண்டு வந்து தேட முடியும்.

ஆகவே நான் எழுதுகிற ஆவணங்களில், தேடல் தோற்றுப்போகிற இடத்தில் வருகிற பக்கத்தை மற்றப் பக்கங்களைவிடக் கவனமாக எழுத வேண்டும் என்று கேட்டு வருகிறேன். எந்தப் பதிப்பில் தேடினோம், எந்தெந்தத் தொகுதிகளைச் சேர்த்தோம், எவற்றைச் சேர்க்கவில்லை, நீங்கள் கொடுத்த சொல்லில் எதை விட்டுவிட்டோம் என்று அதில் இருக்க வேண்டும். அந்த வசதி மென்பொருளிலேயே கிடையாது என்றால், கிடையாது என்று தலைப்பிட்டு ஒரு பக்கமே எழுத வேண்டும், மக்கள் அதைக் கேட்கிற அத்தனை சொற்களையும் அடைவில் கட்டி. செய்யாத வேலைக்கு எதற்குப் பக்கம் என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். கேட்கிறவர்களிடம், அடுத்த முறை நிலம் வாங்கும்போது படிவம் 16 வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன். அப்படி ஒரு பக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ‘பழைய பதிப்பிலிருந்து நேரடியாக மாற முடியாது’ என்பது அதன் தலைப்பு. விடையில்லாத் தேடல்களின் பதிவிலிருந்து எடுத்த சொற்களை அதன் அடியில் ஒவ்வொன்றாக இப்போது கோத்துக்கொண்டிருக்கிறேன்: அப்டேட் ஆகல, பழசு போச்சு, டேட்டா எங்க, திரும்ப எடுக்க முடியுமா.